சிறைக் கதவைத் திறந்த குறிப்பேடு

இரயில்வே அலுவலகத்தில் பதிவேடும் கணக்குமாகக் காலம் கழிக்கும் நமக்கு, இஃது உயிரற்ற வேலை என்ற சலிப்பு அவ்வப்போது தோன்றுவதுண்டு. அச்சலிப்பைப் போக்க வல்லது ஜான் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேயரின் வரலாறு.

அவர் 1773ஆம் ஆண்டில் பெட்போர்ட் மாவட்டத்தின் ஷெரீப் பதவியை ஏற்றார். மாவட்டச் சிறையும் அவர் பொறுப்பில் வந்தது. அங்கே கண்ட காட்சி அவர் நெஞ்சைச் சுட்டது. குற்றமற்றவர் என்று நீதிமன்றம் விடுவித்தவர்களும் மீண்டும் சிறைக்குள் தள்ளப்பட்டனர். காரணம் யாது? சிறைக் காப்பாளருக்குச் சம்பளம் இல்லை. கைதிகள் செலுத்தும் கட்டணமே அவர் வருமானம். அதனைக் கொடுக்க வகையற்ற ஏழை, நிரபராதியாயினும் வெளியேற இயலாது!

காப்பாளருக்குச் சம்பளம் வழங்குமாறு ஹோவர்ட் மாவட்ட நீதிபதிகளை வேண்டினார். அவர்களோ, வேறெங்கேனும் அவ்வழக்கம் உண்டா என்று கேட்டனர். அதனைத் தேடி அவர் குதிரையேறி அண்டை மாவட்டங்களுக்குச் சென்றார். எங்கும் அதே கொடுமை! அறைகளின் அளவு, கைதிகளின் தொகை, அன்றாட ரொட்டி, காப்பாளரின் கட்டணம் ஆகியவற்றை ஊர் ஊராகக் குறித்துக்கொண்டார். சிறையின் துர்நாற்றம் குறிப்பேட்டிலும் ஏறியதால், அதனை நெருப்பின் முன் விரித்து வைத்த பின்னரே மீண்டும் எழுத முடிந்ததாம்.

1774இல் பாராளுமன்றத்தில் அவர் சாட்சியம் அளித்தார். விடுதலை பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதை ஒழிக்கவும், கைதிகளின் உடல்நலம் பேணவும் அவ்வாண்டே இரு சட்டங்கள் பிறந்தன. 1777இல் அக்குறிப்புகள் நூலாயின. ஐரோப்பியச் சிறைகள் பலவற்றையும் கண்ட அப்பெரியார், 1790இல், இன்றைய உக்ரைனிலுள்ள கெர்சான் நகரில், காய்ச்சலால் உயிர் நீத்தார்.

இதனைப் பிறநாட்டுப் பழங்கதை என்று நாம் ஒதுக்கலாமா? காவல்துறையில் உயர்பதவி வகித்த கே. எஃப். ருஸ்தம்ஜி, பீகார்ச் சிறைகளில் விசாரணையின்றி வாடியோரைப் பற்றி 1979இல் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளேட்டில் எழுதினார். அதன் விளைவாக ஹுசைனாரா காத்தூன் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. சாட்டப்பட்ட குற்றத்திற்குரிய தண்டனைக் காலத்தினும் மிகுதியாகச் சிலர் அடைபட்டிருந்தனர். ஜாமீனுக்கு வழியற்ற ஏழைமையே பலரைச் சிறையில் வைத்திருந்தது. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்றும் நம் நாட்டுச் சிறைகளில் இருப்போரில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகளே. ஹோவர்ட் தொடங்கிய பணி முடிந்துவிடவில்லை. அவர் நாவன்மையால் வென்றவரல்லர். கண்டதைக் கண்டவாறு எழுதி வென்றவர். எழுதுகோல் பிடிக்கும் நாமனைவரும், நம் ஏட்டில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு மனிதர் நிற்கிறார் என்பதை மறவாதிருப்போமாக.