மாட் உரிமை

வீடியோ கேமில் ரசிகர்கள் தாங்களே செய்து சேர்க்கும் மாற்றத்துக்கு ‘மாட்’ என்று பெயர். உழைப்பு ரசிகருடையது, கேமின் பதிப்புரிமை நிறுவனத்துடையது, சிக்கல் அங்கேதான். இதில் இன்றும் பேசப்படுவது, அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1998-இல் தீர்த்த மைக்ரோ ஸ்டார் – ஃபார்ம்ஜென் வழக்கு. ஃபார்ம்ஜென் வெளியிட்ட ‘டியூக் நியூகெம் 3டி’ கேமுக்கு ரசிகர்கள் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்ட 300 லெவல்களை மைக்ரோ ஸ்டார் அள்ளியெடுத்து, ‘நியூக் இட்’ என்ற பெயரில் சிடியாக விற்றது. அந்த லெவல்களின் மேப் கோப்புகளில் படம் ஒன்றுகூடக் கிடையாது. எதை எங்கே வைப்பது என்ற குறிப்புகள் மட்டுமே. ஆனாலும் அவை கேமின் நாயகன் டியூக்கின் கதையை நீட்டுபவை, ஆகவே உரிமை மீறலே என்றது நீதிமன்றம். லெவல்களை உண்மையில் உருவாக்கியவர்களோ வழக்கில் எந்தத் தரப்பிலும் இல்லை.

மாட் செய்பவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுப்பது தனிக்கதை. 2015 ஏப்ரலில் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் ‘ஸ்கைரிம்’ கேமின் மாட்கள் விலைக்கு வந்தன. செய்தவருக்குப் பங்கு வெறும் 25 சதவீதம். மீன்பிடி மாட் ஒன்று, இன்னொருவர் செய்த அசைவுக் கோப்புகளைச் சார்ந்திருந்ததாகப் புகார் எழவே, விற்பனையிலிருந்து இறங்கியது. நான்கே நாளில் திட்டமே கைவிடப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது.