மேஜைமேல் ஒரு மலைப்பாதை

குற்றாலத்துக்கு ரயில் கிடையாது. சாரல் காலத்தில் அருவியை நாடிப் போகிறவர்கள் தென்காசியில் இறங்கி, மிச்சமுள்ள மூன்று மைலுக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும். ரயிலோ நேரே செங்கோட்டைக்குப் போய், அங்கிருந்து மலையேறி, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையாளச் சீமைக்குள் இறங்கிவிடும். அந்த மலையில் நூறு வருஷத்துக்கு மேல் ஓடிய மீட்டர் கேஜ் ரயில் இப்போது இல்லை. 2010-ம் வருஷம் செப்டம்பரில் அதை நிறுத்தினார்கள். 2018-ல் அகலப் பாதையில் மறுபடி வண்டி ஓடத் தொடங்கியது. பிரயாணிகளுக்கு அது சௌகரியந்தான். ஆனால் பழைய ரயிலைப் பார்க்க ஆசைப்படுகிறவன் எங்கே போவான்?

ஒரு வழி இருக்கிறது. வீட்டில் மேஜைமேல் கட்டிக்கொள்ளலாம்.

பொம்மை ரயிலா என்று சிரிக்க வேண்டாம். ஜெர்மனியில் மார்க்லின் கம்பெனியார் 1891-ல் லைப்ஸிக் சந்தைக்குச் சாவி கொடுத்து ஓடும் ரயிலையும், அதற்கேற்ற தண்டவாளத்தையும் கொண்டுவந்தபோது அது குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாகத்தான் இருந்தது. பிறகு அதைப் பெரியவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். பார்த்தால் மெய் ரயில் போலவே இருக்க வேண்டும், மெய் ரயில் போலவே ஓட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். நம் நாட்டிலும் புனேயில் ஜோஷி என்பவர் 1998-ல் இப்படி ஒரு குட்டி ரயில் காட்சிசாலையைத் திறந்தார்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் மிகுதியாகக் கையாளும் அளவு, எண்பத்தேழில் ஒரு பங்கு. செங்கோட்டையிலிருந்து புனலூர் ஏறக்குறைய 49 கிலோமீட்டர். 87-ஆல் வகுத்துப் பாருங்கள். 563 மீட்டர் வருகிறது. எந்த வீட்டுக் கூடத்தில் அதற்கு இடமிருக்கிறது? திருநெல்வேலி ரத வீதி ஒன்றையே வாடகைக்குப் பிடிக்க வேண்டியதுதான். ஆகவே பெரும் பகுதியை விட்டுவிட வேண்டும். செங்கோட்டை ஸ்டேஷன், மலையடியில் பகவதிபுரம், ஒரு சுரங்கம், கழுதுருட்டியில் பதின்மூன்று வளைவுகளோடு நிற்கும் கல் பாலம் இவை போதும். கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. ஒரு மனிதனின் அறுபது வருஷ வாழ்க்கையை அவனும் முந்நூறு பக்கத்தில்தான் அடைக்கிறான்.

இடத்தைச் சுருக்கலாம், காலத்தில் ஏமாற்ற முடியாது. எந்த வருஷத்து ரயில் என்று முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். 1950 என்றால் வண்டியில் எஸ்.ஐ.ஆர். என்ற எழுத்துக்கள் வேண்டும்; 1951-ல் தென்னிந்திய ரயில்வே மறைந்து தெற்கு ரயில்வே பிறந்துவிட்டது. 1956 நவம்பர் முதல் தேதிக்கு முந்திய காலமானால் செங்கோட்டை நம்முடையதல்ல; திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் ஒரு ராஜ்ய எல்லை இருந்தது. அட்டையும் பசையும் கொண்டு ஸ்டேஷன் கட்டுகிறவன் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாக வேண்டும். அவனை அறியாமலே அவன் சரித்திர மாணவனாகிவிடுகிறான்.

சரித்திரத்திலும் சுவாரஸ்யத்துக்குக் குறைவில்லை. மூலம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரை ஆண்ட காலம். திருநெல்வேலியிலிருந்து வந்த தண்டவாளம் 1903-ல் செங்கோட்டையைத் தொட்டது. மலையைக் குடைந்து முடிப்பதற்குள், மறுபக்கத்தில் கொல்லத்துக்கும் புனலூருக்கும் இடையே 1904 ஜூனில் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. மலைக்கு அப்பால் எஞ்சின் எப்படிப் போயிற்று? தூத்துக்குடியிலிருந்து பாகம் பாகமாகக் கடல் வழியே கொண்டுபோய், கொல்லத்தில் பூட்டினார்களாம். அந்த ஊரில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். பெட்டியிலிருந்து உறுப்புகளை எடுத்துப் பொம்மை எஞ்சினைப் பூட்டுகிறவன் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவான். அந்த வருஷம் நவம்பரில் மலைப்பாதையும் திறந்தது. 1958-ல் கோட்டயம் வழியாகக் கொல்லத்துக்கு ரயில் வரும்வரை, திருவனந்தபுரத்துக்காரர் ரயிலில் சென்னைக்கு வர வேண்டுமானால் இந்த மலையைத்தான் ஏற வேண்டும்.

உருவம் தத்ரூபமாக அமைந்துவிட்டால் ரயில் வந்துவிட்டதா? வரவில்லை. அது ஒற்றைப் பாதை. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். ஸ்டேஷன் மாஸ்டர் பக்கத்து ஸ்டேஷனுக்கு மணியடித்துக் கேட்டு, சம்மதம் பெற்று, இயந்திரத்திலிருந்து ஓர் உலோகப் பந்தை எடுத்து, வளையம் கோத்த பையில் வைத்து டிரைவரிடம் கொடுப்பார். அந்தப் பந்து மறு ஸ்டேஷன் இயந்திரத்துக்குள் விழும்வரை இன்னொரு பந்து வெளியே வராது. மலையேற்றத்தில் முன்னால் இழுக்க ஓர் எஞ்சின், பின்னால் தள்ள ஓர் எஞ்சின். எதிர் வண்டிக்காகக் காத்து நிற்பது ஒரு வேலை; எஞ்சினைக் கழற்றி மாட்டுவது இன்னொரு வேலை. மேஜைமேலும் இத்தனையும் நடக்க வேண்டும். அதற்காகக் கடிகாரத்தையே வேகமாக ஓட விட்டு, பத்து நிமிஷத்தை ஒரு மணியாகக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவில் ஃபிராங்க் எல்லிசன் என்பவர் 1940-களிலேயே இதை நாடகத்துக்கு ஒப்பிட்டு எழுதினார். அவர் கணக்கில் தண்டவாளம் மேடை, வண்டிகள் நடிகர்கள், கால அட்டவணைதான் கதை.

கதை தெரியாமல் நடிகர்களை மேடையில் நிறுத்தி என்ன பயன்? அருங்காட்சியகங்களில் மீட்டர் கேஜ் எஞ்சின்களைச் சாயம் பூசி நிறுத்தியிருக்கிறார்கள். உருவம் பிழைத்துவிட்டது, உத்தியோகம் போய்விட்டது. அந்த உத்தியோகத்தை அறிந்தவர்கள், தென்காசியிலும் செங்கோட்டையிலும் பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எதற்காகக் காத்து நின்றது, சாரல் காலக் கூட்டத்துக்கு எத்தனை பெட்டி கூடுதலாகச் சேர்த்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். மலைப்பாதையை மேஜைமேல் கட்ட நினைக்கிற இளைஞர்கள் முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அந்தத் திண்ணைக்குப் போகட்டும். தண்டவாளம் எப்போது வேண்டுமானாலும் கடையில் கிடைக்கும்.