துறைமுகமும் காணியும்: இராஜவரோதயத்தின் பாராளுமன்றக் காலம்

1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கைத் தமிழரசுக் கட்சி பெற்ற ஆசனங்கள் இரண்டே. தலைவர் செல்வநாயகம் காங்கேசன்துறையில் தோல்வியுற, கோப்பாயில் கு. வன்னியசிங்கமும் திருகோணமலையில் என். ஆர். இராஜவரோதயமும் வெற்றி பெற்றனர். 1963இல் மறையும்வரை இராஜவரோதயம் அத்தொகுதியின் உறுப்பினராக விளங்கினார். கட்சி வரலாறுகள் அவரை மாநாடுகளோடும் மறியல்களோடும் சேர்த்தே நினைவுகூர்கின்றன. ஆயின் அவர் காலம் தொகுதி மக்களின் தொழிலும் காணியும் பற்றிய வரலாறாகவும் நோக்கற்பாலது.

திருகோணமலைப் பட்டினத்தோடு உப்புவெளி, சல்லி, சாம்பல்தீவு முதலாய வடகரைக் கிராமங்களும் அத்தொகுதிக்குட்பட்டவை. கடற்றொழிலும் விவசாயமும் கிராமங்களைத் தாங்கின. பட்டினத்தைப் பெரிதும் தாங்கியது பிரித்தானியக் கடற்படைத்தளம். 1957 ஒக்டோபரில் அத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபோது, நாட்டின் இறைமை நிறைவுற்றதென்று கொழும்பு மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சி நியாயமானதே. எனினும் தளத்தை நம்பியிருந்த தொழிலாளர் பலர் பிழைப்பிழந்தனர்.

அதே ஆண்டு யூலை 26இல் கைச்சாத்தான பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம், குடியேற்றத் திட்டங்களிற் காணி பெறுவோரைத் தெரிவுசெய்யும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு வழங்க இசைந்தது. ஒப்பந்தத்தின் மொழி பற்றிய வாசகங்களையே பலரும் எடுத்துப் பேசுவர். திருகோணமலையைப் பொறுத்தவரை உயிர்நிலை இவ்வாசகமே. 1946இல் மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினராயிருந்த சிங்களவர், 1981இல் மூன்றிலொரு பங்கினராயினர். கந்தளாய், அல்லை முதலாய குடியேற்றத் திட்டங்களுக்கு இம்மாற்றத்திற் பெரும் பங்குண்டு. அங்கு காணி பெற்ற ஏழை விவசாயியைக் குறைகூறுவதற்கில்லை; காணியைப் பகிர்ந்தளிப்பவர் யார் என்பதே வினா.

அவ்வினாவுக்கு விடை விரைவிலேயே கிடைத்தது. கடற்படைத்தளத்தில் வேலையிழந்த தமிழ்க் குடும்பங்களைப் பதவியாத் திட்டத்திற் குடியமர்த்த அரசாங்கம் எண்ணியது. அதனை எதிர்த்தோர் முந்திச் சென்று அக்காணிகளைக் கைப்பற்றினர், அரசாங்கம் பணிந்தது. 1958 ஏப்ரலில் ஒப்பந்தமும் கைவிடப்பட்டது. தொகுதியின் உறுப்பினர் சபையில் வினாத் தொடுக்கலாம், அமைச்சரைச் சென்று காணலாம். வேலையிழந்த ஒரு குடும்பத்துக்கேனும் அரை ஏக்கர் காணி வழங்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

1961 மார்ச்சில் திருகோணமலைக் கச்சேரியின் முன்னே இராஜவரோதயம் தலைமையிற் சத்தியாக்கிரகிகள் அமர்ந்தனர். அரசகரும மொழிச் சட்டத்துக்கு எதிரான போராட்டம் அது. ஆனால் அவர்கள் மறித்திருந்த அவ்வாயிலுக்கு உள்ளேதான் மாவட்டத்தின் காணி நிருவாகமும் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 17இல் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டு, போராட்டம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது. கச்சேரி மீண்டும் தன் அலுவல்களைத் தொடர்ந்தது.