ஃபுல்லரீன் ஆக்சிஜனேற்றம்

கார்பன் அணுக்கள் மட்டுமே சேர்ந்த கூண்டு வடிவ மூலக்கூறுகளுக்கு ஃபுல்லரீன் என்று பெயர். அவற்றோடு ஆக்சிஜன் இணையும் வினைகளையும், அவற்றால் உண்டாகும் எபாக்சைடு, ஓசோனைடு, ஃபுல்லரீனால் முதலிய சேர்மங்களையும் இத்தலைப்பு குறிக்கும். அதிகம் ஆராயப்பட்டது கார்பன்-60. 12 ஐங்கோணங்களும் 20 அறுகோணங்களும் கொண்ட இக்கூண்டில் ஹைட்ரஜன் அணு ஒன்றுகூட இல்லை. எனவே இரு அறுகோணங்கள் ஒட்டும் விளிம்புகளில் உள்ள 30 இரட்டைப் பிணைப்புகளே ஆக்சிஜன் எளிதில் பற்றும் இடங்கள்.

ஹாரல்ட் குரோட்டோ, ராபர்ட் கர்ல், ரிச்சர்ட் ஸ்மாலி ஆகியோர் 1985-இல் ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் இந்த மூலக்கூறைக் கண்டறிந்தனர். 1990-இல் உல்ஃப்காங் கிரெட்ச்மரும் டொனால்ட் ஹஃப்மனும் ஹீலியத்தில் கிராஃபைட்டை ஆவியாக்கி அதைப் போதிய அளவில் தயாரித்த பிறகே அதன் வேதியியல் சூடுபிடித்தது.

தூய கார்பன்-60 படிகத்தில் ஒவ்வொரு பந்தும் இருந்த இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். அதனால் எந்த அணு எங்கே உள்ளது என எக்ஸ் கதிரால் துல்லியமாகக் காண முடியவில்லை. 1991-இல் பெர்க்லியில் ஜோயல் ஹாக்கின்ஸ் குழு அதை ஆஸ்மியம் டெட்ராக்சைடோடு வினைபுரியச் செய்தது. இரு ஆக்சிஜன் அணுக்கள் வழியாக ஆஸ்மியம் தொகுதி ஒரு பக்கம் ஒட்டியதும் சுழற்சி நின்றது. கால்பந்து வடிவம் ஐயமற உறுதியானது. கார்பன்-60இன் உருவத்துக்கு அணு அணுவாகச் சான்று தந்ததே ஓர் ஆக்சிஜனேற்ற வினைதான்.

அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் பிரான்சுவா டீடரிஷ் குழு கார்பன்-70இன் ஆக்சைடைப் பிரித்தெடுத்தது. 1992-இல் எக்ஸான் ஆய்வாளர்கள் கார்பன்-60 கலந்த பென்சீனில் ஆக்சிஜன் செலுத்தி, ஒளி பாய்ச்சி, கார்பன்-60இன் முதல் எபாக்சைடைப் பெற்றனர். அதில் ஒரே ஆக்சிஜன் அணு இரு கார்பன்களுக்கு மேல் முக்கோணமாக அமர்ந்திருக்கும்.

ஓசோன் காட்டிய வழி இன்னும் சுவையானது. ரைஸ் பல்கலைக்கழகத்தில் புரூஸ் வைஸ்மன், டீட்டர் ஹெய்மன் ஆகியோரின் குழு 2000-இல் மூன்று ஆக்சிஜன் கொண்ட ஓசோனைடை இனங்கண்டது. வெப்பத்தில் சிதைந்தால் அது பழைய எபாக்சைடையே தருகிறது. ஒளியில் சிதைந்தாலோ, ஐங்கோணமும் அறுகோணமும் சந்திக்கும் விளிம்பில் கார்பன் பிணைப்பு விலகி, நடுவே ஆக்சிஜன் பாலம் அமைகிறது. அதுவரை கிட்டாதிருந்த இந்த இரண்டாம் வடிவம் 2001-இல் வெளியானது.

ஹைட்ராக்சில் தொகுதிகளை நிறைய ஏற்ற கூண்டுகளே ஃபுல்லரீனால்கள். கார்பன்-60 நீரில் கரையாது. தொலுயீனில் ஊதா நிறமாகக் கரையும். ஜப்பானில் கென் கொகுபோ குழு ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு 44 ஹைட்ராக்சில் தொகுதிகளை ஏற்றியபோது, அந்தச் சேர்மம் நீரில் நன்றாகக் கரைந்தது.

கூண்டைத் திறக்கவும் ஆக்சிஜனேற்றம் உதவுகிறது. 1995-இல் சாண்டா பார்பராவில் ஃபிரெட் வுடல் குழு, நைட்ரஜன் இணைத்த ஃபுல்லரீன் ஒன்றை ஒளியாலும் ஆக்சிஜனாலும் தாக்கி அதன் சுவரில் துளையிட்டது. அந்தத் துளைவழியே, ஒரு கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் அமர்ந்த அசாஃபுல்லரீன் உருவானது.

2011-இல் கியோட்டோவில் கெய் குரோடோபியும் யசுஜிரோ முராட்டாவும் ஆக்சிஜனேற்றத்தால் திறந்த வாயினூடே, உயர் அழுத்தத்தில் ஒரே ஒரு நீர் மூலக்கூறை உள்ளே செலுத்தினர். பிறகு பாஸ்பரஸ் சேர்மம் ஒன்றால் ஆக்சிஜனை நீக்கிக் கூண்டை மூடினர். இதே பாணியில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தினர் பங்கேற்ற ஆய்வுகளில் 2016-இல் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் 2019-இல் மீத்தேனும் கார்பன்-60க்குள் அடைக்கப்பட்டன.