மாடிப்படிக்கு இந்தப் பக்கம்: சென்னை மேற்குப் புறநகரில் முதுமையும் நலத்திட்டங்களும்

அம்பத்தூரும் ஆவடியும் இளைஞர்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட ஊர்கள். 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படை உடைத் தொழிற்சாலையும் எழுந்தன. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. வேலைக்கு வந்தவர்களுக்கு இருபது, இருபத்தைந்து வயது. அவர்களுக்காக எழும்பிய அடுக்குமாடிகளில் லிஃப்ட் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். அதே படிகளை இன்று அவர், அல்லது அவர் மனைவி, ஒவ்வொன்றாக நின்று நின்று ஏறுகிறார். மக்கள்தொகைக் கணிப்பின்படி தமிழகத்தில் 60 வயதைக் கடந்தோரின் பங்கு 2021-இல் 13.6 விழுக்காடு, 2031-இல் அது 18 விழுக்காட்டைத் தாண்டும்.

முதியவர் தம் வீட்டிலேயே வாழ்ந்து முடிக்க உதவும் திட்டங்களை மதிப்பிடும்போது, தேவையானது அவர் வாசலுக்கு வந்து சேர்கிறதா என்றே கேட்டுப் பழகிவிட்டோம். அவரால் வாசலைவிட்டு இறங்க முடிகிறதா என்பதும் அதே அளவு எடையுள்ள கேள்வி. முதலாவதில் தமிழகம் வெகுதூரம் முன்னேறிவிட்டது. இரண்டாவதில் இன்னும் தட்டுத்தடுமாறுகிறது என்பதே என் வாதம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துக்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. அந்தப் பாராட்டு பொருத்தமானதே. திட்டத்தின் உயிர்நாடி, வீட்டுக்கு வரும் மருந்தைவிட, அதைக் கொண்டுவரும் பெண். பெரும்பாலும் மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்தவர், அதே பகுதிக்காரர். அவருக்குப் பின்னால் இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் இருக்கிறார்கள். ஒரு வருகையை எண்ணிப் பார்ப்போம். கையில் பட்டை சுற்றிப் பிரஷர் பார்க்கிறார். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார். போன முறை கொடுத்த மாத்திரை அட்டையில் பத்து மாத்திரை மிச்சம் கிடக்கிறது. பாட்டி கீழே இறங்கி இரண்டு மாதம் ஆகிறது என்று எதிர்வீட்டுக்காரர் சொல்கிறார். பிரஷர் அளவும் சர்க்கரை அளவும் பதிவேட்டுக்குப் போகும். எதிர்வீட்டுக்காரர் சொன்னது எங்கே போகும்? முதுமையின் சரிவை முன்கூட்டிச் சொல்லும் தகவல் அதுதான்.

2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டம் தகுதியுள்ள மூத்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. படுக்கையில் இருப்பவருக்கு இது பெரிய துணை. கைத்தடியோடு நடக்கக்கூடியவரின் நிலை வேறு. மாதத்தில் அவருக்கு வாய்த்த ஓரிரு வெளிநடமாட்டங்களில் ரேஷன் கடையும் ஒன்று. அந்த வரிசையை நான் புகழவில்லை. வெயிலில் நின்றவருக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் நாலு பேர் முகம் பார்க்க அது ஒரு சாக்கு. சாக்கை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும்.

வருமானத்தாலும் இம்முதியோர் ஒரே கூட்டம் அல்லர். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற பழைய தலைமுறைக்கு மத்திய அரசு ஓய்வூதியமும் மருத்துவ வசதியும் உண்டு. தனியார் பட்டறைத் தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியம்தான். அதன் குறைந்தபட்சம் 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். எந்தச் சந்தாவும் கட்டாத ஆதரவற்ற முதியவருக்கு மாநில அரசு 2023 முதல் தருவது 1,200. இந்தக் கணக்கை எந்தத் தொழிலாளியிடம் எப்படி விளக்குவது? குறைந்தது ஐந்தாண்டு இ.எஸ்.ஐ.யில் இருந்து பணி ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தமக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம் என்ற விதி நல்ல விதி. ஆனால் மருந்தகத்துக்குப் போயாக வேண்டும்.

போவதற்குப் பேருந்து. 2016 முதல் மாநகரப் பேருந்தில் 60 வயதைக் கடந்தோருக்கு மாதம் 10 டோக்கன். அதாவது ஐந்து முறை போய்வரலாம். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. கணவரின் டோக்கன் மாத நடுவில் தீர்ந்துபோக, மனைவி மட்டும் பூந்தமல்லி வரை போய்வரும் வேடிக்கை இதனால்தான். இருவருக்கும் பொதுவான தடை பேருந்தின் முதல் படி. வழக்குகளுக்குப் பிறகே, 2024 ஆகஸ்டில், தாழ்தளப் பேருந்துகள் சென்னைச் சாலைக்குத் திரும்பின.

நிர்வாக எல்லைகளும் குறுக்கே நிற்கின்றன. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. அங்கிருந்து ரயிலில் மூன்றாவது நிலையமான ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, திருவள்ளூர் மாவட்டம். பூந்தமல்லியோ நகராட்சி. மகன் வீட்டிலிருந்து மகள் வீட்டுக்கு மாறும் முதியவர், ஒரே பேருந்துத் தடத்தில் இருந்துகொண்டே வேறு அலுவலகத்தின் ஆளாகிவிடுகிறார்.

2025 மார்ச் நிதிநிலை அறிக்கை 10 கோடி ரூபாயில் 25 ‘அன்புச்சோலை’ பகல்நேர மையங்களை அறிவித்தது. திசை சரி, மாநிலம் முழுமைக்கும் 25 என்பது தொடக்கம் மட்டுமே. மேற்குப் புறநகருக்குப் புதுக் கட்டடம் தேவையில்லை என்பேன். தொழிற்சங்க அலுவலகங்கள், கிளை நூலகங்கள், குடியிருப்பின் சமுதாயக் கூடங்கள் இங்கே ஏற்கெனவே உண்டு. நடந்து போகும் தொலைவில், தரைத்தளத்தில், கழிப்பறையோடு ஓர் அறை. வாரம் மூன்று காலை. மாத்திரை கொண்டுவரும் பெண்ணே அங்கே பிரஷர் பார்க்கலாம். வராதவர் வீட்டுக்கு மட்டும் படியேறலாம். அப்போது ஒருவர் வராததே ஒரு தகவலாகிவிடும். மலப்புறத்தில் 2000-களில் வளர்ந்த நோய்த்தணிப்பு வலைப்பின்னல், அக்கம்பக்கத்தாரைப் பராமரிப்பின் நடுவே நிறுத்தியது. கேரளம் 2008-இல் அதை அரசுக் கொள்கையாக்கியது. நம்மிடம் ஊதியமுள்ள ஆள்வலு அதைவிடக் கூடுதல். அக்கம்பக்கம்தான் ஏட்டில் இல்லை.

மாடிப்படிக்கு வருவோம். பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்ட, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் ஒப்புதல் போதும் என்கிறது 2024-இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம். புதுக் கட்டடத்தில் லிஃப்ட் வரும். ஆனால் அது எழும்வரை எழுபத்தெட்டு வயதுக்காரர் வேறு பேட்டையில் வாடகைக்கு இருக்க வேண்டும். மருந்துக்கடையும் தெரிந்த ஆட்டோக்காரரும் அங்கே கூட வரமாட்டார்கள். பல பழைய படிக்கட்டுகளில் ஒரு பக்கம்தான் கைப்பிடிச் சுவர். மறுபக்கம் வெறும் சுண்ணாம்புச் சுவர், உள்ளங்கை ஊன்றி ஊன்றிக் கறுத்துப் போயிருக்கிறது. புதுக் கட்டடம் வரும்வரையாவது, அந்தக் கறுப்பு ஓடும் உயரத்திலேயே ஓர் இரும்புக் குழாயைப் பொருத்தலாம்.