குருவின் இருமல்

சென்ற மாதம் ஒரு நண்பர் வீட்டில் என் காதுக்குப் பரீட்சை வைத்தார்கள். மேஜைமேல் இரண்டு யந்திரங்கள். ஒன்று, ரொட்டித் துண்டு போல் உப்பிய பழுப்புப் பெட்டி. 1982-ல் அமெரிக்காவில் வெளிவந்து, ஒரு கோடிக்கு மேல் விற்ற கமடோர் 64 என்னும் வீட்டுக் கணினி. மற்றொன்று நண்பருடைய மடிக்கணினி; அதில், பழைய கணினியாகவே வேஷம் கட்டி ஆடும் எமுலேட்டர் என்ற நிரல். என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, இரண்டிலும் ஒரே பாட்டை வைத்தார். 1985-ல் வந்த ‘மான்ட்டி ஆன் தி ரன்’ என்ற விளையாட்டுக்கு ராப் ஹப்பர்ட் என்ற ஆங்கிலேயர் அமைத்த இசை.

“எது அசல், சொல்லுங்கள் பார்க்கலாம்!”

தைரியமாகச் சொன்னேன். தப்பு.

ஆனால் பழி முழுவதும் என் காதுக்கு அல்ல. இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

1981-ல் பாப் யானஸ் என்ற இளம் என்ஜினீயர், கமடோருக்காக ‘சிட்’ என்ற ஒலிச் சில்லை உருவாக்கினார். மற்றக் கணினிகளுக்கு ஒலிச் சில்லு செய்தவர்களுக்குச் சங்கீதமே தெரியாது என்பது அவர் அபிப்பிராயம். ஆகவே விளையாட்டுப் பெட்டிக்குள் ஒரு வாத்தியத்தையே அடக்கப் பார்த்தார். மூன்றே குரல்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நான்கு வகை அலைகள். போதாதற்கு, நாதத்தில் வேண்டிய பகுதியை மட்டும் வெளியே விடும் வடிகட்டி ஒன்று. ஹப்பர்ட் போன்ற கெட்டிக்காரர்கள் ஒரே குரலை நொடிக்குப் பலமுறை சுரம் மாற்றி, நாலைந்து பேர் சேர்ந்து வாசிப்பது போல் மயக்கினார்கள்.

வம்பு அந்த வடிகட்டியில்தான். 6581 என்ற முதற் பதிப்பில், தயாரிப்பில் நேர்ந்த சின்னச் சின்ன வேறுபாடுகளால் சில்லுக்குச் சில்லு அதன் குணம் மாறியது. வீணைக்கு வீணை நாதம் மாறுவதில்லையா என்பீர்கள். மாறும், ஆனால் வைணிகர் தம் வீணையைக் கையோடு கொண்டு வருகிறார். இங்கேயோ, இசை அமைத்தவர் தம் சில்லில் கேட்டது ஒன்று, வாங்கிய பையன் வீட்டில் கேட்டது வேறொன்று. இதில் எதை அசல் என்பது?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒலியின் அளவைச் சட்டென்று மாற்றினால் 6581 ‘டிக்’ என்று சத்தம் போடும். வடிவமைப்பில் தங்கிவிட்ட குறை அது. அந்த ‘டிக்’குகளை நொடிக்கு ஆயிரக்கணக்கில் அடுக்கினால் மேளச் சத்தமும் மனிதக் குரலும் கூட வரும் என்று கண்டுபிடித்தார்கள்! மார்ட்டின் கால்வே 1987-ல் ‘அர்க்கனாய்ட்’ விளையாட்டின் இசையில் இதைக் கையாண்டார். அந்தச் சமயத்தில் 8580 என்ற திருத்திய சில்லு வந்து சேர்ந்தது. குறை நீங்கியது, கூடவே மேளமும் அநேகமாக அடங்கிப் போயிற்று. புதுப் பெட்டி வாங்கியவர்களில் சிலர் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து, போன குறையைத் திரும்ப வரவழைத்துக் கொண்டார்கள்.

எமுலேட்டர் எழுதுகிறவர்களின் பாட்டை இப்போது யோசித்துப் பாருங்கள். சில்லு செய்யவேண்டியதை மட்டும் செய்தால் போதாது. அது செய்த தப்புகளையும் செய்யவேண்டும். டாக் லெம் என்பவர் ‘ரீசிட்’ என்ற நிரலை எழுதியபோது, உண்மையான சில்லிலிருந்தே அலைகளை எடுத்துப் படித்தார். குருவின் இருமலையும் சேர்த்துப் பாடம் பண்ணிய சிஷ்யன் என்றுதான் அந்த நிரலைச் சொல்லத் தோன்றுகிறது. ஒரு குருவின் இருமல்தான் கிடைத்தது. மற்றவர்கள் வேறு மாதிரி இருமினார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட சிட் பாட்டுகளைச் சேகரித்து வைத்திருக்கிறார்கள் ரசிகர்கள். அவை ஒலிப்பதிவுகள் அல்ல, கணினிக்கு இட்ட கட்டளைகள். வாசிக்க ஒரு சில்லோ, சில்லாக நடிக்கும் நிரலோ இல்லாவிட்டால் அத்தனையும் ஊமை.

இதை நண்பரிடம் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. “அசல் அசல்தான் ஸார்” என்றார். என்றாலும் மூன்றாவது பாட்டுக்கு முன் பழுப்புப் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, விசையை அணைத்துவிட்டார்.

“ஏன்?” என்றேன்.

“சூடாகிவிட்டது. போனால் புதிது செய்ய ஆள் இல்லை.”

மடிக்கணினியை என் பக்கம் நகர்த்தினார். மூன்றாவது பாட்டை அதில் கேட்டோம்.