பன்னிரண்டு கோரிக்கைகள்

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில், கோல லங்காட் மாவட்டத்தில் அமைந்திருப்பது ஜெஞ்சாரோம். இன்று அவ்வூரைச் சூழ்ந்து செம்பனை மரங்களும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. 1941 ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்தில் ஓங்கி நின்றது ரப்பர் மரமே. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்துவிட்டு, மரம் சீவச் சென்ற தமிழரின் உழைப்பே அத்தோட்டங்களை வாழவைத்தது. அம்மக்கள்மீது அந்நாளில் ஒரு வழக்கம் சுமத்தப்பட்டிருந்தது. மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி, எதிரே துரையோ கிராணியோ வரக் கண்டால், இறங்கி நின்று வழிவிட வேண்டும் என்பதே அவ்வழக்கம்.

இதனைச் சிறு செய்தி என்று தள்ளிவிடுதல் எளிது. இதில் அடியும் இல்லை, குருதியும் இல்லை. ஆயினும், பணியிடத்து வன்முறை எங்கே தொடங்குகிறது என்னும் வினாவிற்குரிய விடை இங்கேதான் இருக்கிறது. ஒருவனைக் கண்டதும் மற்றவன் இறங்கி நிற்க வேண்டும் என்று பழக்கப்படுத்திய இடத்தில், கை ஓங்குவதற்கு அதிக காலம் ஆவதில்லை. அடிபட்டவன் முறையிடுவதற்கும் அங்கே வழி இருப்பதில்லை.

இந்நிலைமை ஓரிரவில் தோன்றியதன்று. மலாயாவிற்குத் தமிழரைக் கொண்டுவந்த ஒப்பந்தக்கூலி முறையில், ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டுச் செல்வது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. கொடுமை தாளாமல் ஓடியவன் சிறை புகுந்தான். அம்முறை 1910 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. ஆனால் அது வளர்த்த அச்சம் ஒழியவில்லை. கங்காணி முறையிலும் அவ்வச்சமே தோட்டத்தை ஆண்டது. லயத்து வீடும் வேலையும் கடனும் ஒரே கையில் இருந்தபோது, யாரிடம் சென்று யாரைப் பற்றி முறையிடுவது?

அவ்வச்சத்தை உடைத்தது 1941 ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம். ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வாயிலாகத் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். போர்க்காலத்தில் ரப்பரின் தேவை மிகுந்தது. வாழ்க்கைச் செலவும் ஏறியது. எனவே கூலி உயர்வே முதற் குரலாக எழுந்தது. ஆனால் சங்கம் முன்வைத்த 12 கோரிக்கைகளை ஊன்றி நோக்குவோர், அவர்கள் கேட்டது கூலி மட்டுமன்று என்பதை உணர்வர்.

சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியமும் நடத்தையும் வேண்டும். கொடுமை புரியும் பணியாளர்களை நீக்கித் தமிழ் பேசுவோரை அமர்த்த வேண்டும். தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும். கள்ளுக் கடைகளை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வியும், அனைவருக்கும் நல்ல மருத்துவ வசதியும் வேண்டும். 10 முதல் 12 மணி நேர வேலை ஒழிய வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்திற்குத் தடையின்றி வந்துபோக வேண்டும். பேச்சுரிமையும் கூடும் உரிமையும் வேண்டும். துரைமுன் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். குறைகளை எடுத்துரைப்போரைப் பழிவாங்கலாகாது. குறைகளை முன்வைக்கச் சங்கம் அமைத்துக்கொள்ள இசைவு வேண்டும். இவையே அக்கோரிக்கைகள்.

வன்முறையைத் தடுக்கும் திட்டமாகவே இவற்றைக் கொள்ளலாம். கொடியவனைப் பதவியிலிருந்து அகற்றுதல், அறிவை மயக்கும் கள்ளை அகற்றுதல், தளர்ச்சி தரும் நீண்ட வேலைநேரத்தைக் குறைத்தல், வெளியார் கண்படும்படி தோட்டத்து வாயிலைத் திறந்து வைத்தல், முறையிடுவோனைக் காத்தல் என அனைத்தும் அவற்றுள் அடங்கியிருக்கின்றன. ஏட்டுக் கல்வி குறைந்த அம்மக்கள், பட்டறிவால் இவற்றைக் கண்டறிந்தனர்.

அரசு அளித்த விடை வேறாக இருந்தது. 1941 மே 6 ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் மேலும் பரவியது. சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. இந்தியப் படைவீரர்கள் வரவழைக்கப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். பலர் சிறைப்பட்டனர், நாதன் உள்ளிட்டோர் நாடு கடத்தப்பட்டனர். வன்முறையை நிறுத்துக என்று கேட்டவர்களுக்கு வன்முறையே மறுமொழியாயிற்று. குறை கேட்கும் செவி இல்லாத இடத்தில் நேரும் முடிவு இதுவே.

எனினும் அக்கோரிக்கைகள் மடிந்துவிடவில்லை. 1954 ஆம் ஆண்டில் பி. பி. நாராயணன் தலைமையில் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாயிற்று. 1955 ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு, வன்முறையால் தன் உடலுக்கு உடனடி ஆபத்து நேரும் நிலையில், தொழிலாளி முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு விலகலாம் என்கிறது. வேலையை விட்டோடியவனைச் சிறையிலிட்ட காலத்தையும் இப்பிரிவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கடந்துவந்த தொலைவு விளங்கும். 1994 ஆம் ஆண்டில் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. 2001 ஆம் ஆண்டில் பணியிட வன்முறையைத் தடுக்கும் வழிகாட்டியை அரசு வெளியிட்டது. 2022 ஆம் ஆண்டில் பாலியல் தொல்லைக்கு எதிரான தனிச் சட்டம் நிறைவேறியது.

உலகத் தொழிலாளர் அமைப்பு 2019 ஆம் ஆண்டில் 190 ஆம் ஒப்பந்தத்தை ஏற்றது. வேலை செய்யும் இடம் மட்டுமன்று, முதலாளி அளிக்கும் தங்குமிடமும், வேலைக்குச் சென்று திரும்பும் வழியும் அதன் காப்பிற்குள் அடங்கும். முறையிடுவோரைப் பழிவாங்கலாகாது என்றும் அது வலியுறுத்துகிறது. லயத்துப் பெண்களின் மானத்தையும் மிதிவண்டி சென்ற பாதையையும் பற்றிக் கிள்ளான் தொழிலாளர் பேசி 78 ஆண்டுகள் கழிந்த பின்னரே உலகம் அதனை எழுத்தில் வடித்தது.

இன்று இவ்வட்டாரத்துத் தோட்டங்களிலும் ஆலைகளிலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தோர் உழைக்கின்றனர். அன்று தமிழன் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர். அவர்களுக்கு மேலாளராகவும் கண்காணிப்பாளராகவும் சில இடங்களில் தமிழரே இருக்கின்றனர். பாட்டன் இறங்கி நின்ற பாதையில் பேரன் வண்டியில் வருகிறான் என்றால் அது பெருமையே. ஆனால் எதிரே வருபவன் அவனைக் கண்டு அஞ்சி ஒதுங்குவானாயின், அப்பெருமைக்குப் பொருளில்லை. சட்டத்தைச் சுவரில் ஒட்டுவதோடு கடமை முடிவதில்லை. தாக்கப்பட்டவன் அச்சமின்றிப் பேசவும், பேசியபின் அவன் வேலை நிலைக்கவும் வேண்டும். 1941 ஆம் ஆண்டில் ஐவர் உயிர் கொடுத்துக் கேட்டதும் அதுவே.